கை விறைக்குது என்று உம்மா சொன்ன நாள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறவள் நான்.

ஆறு நோன்பில் ஒரு நாள். ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த உம்மா, "இடது கை கொஞ்சம் விறைக்குது மகள், களைப்பாக்கும்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். தைலம் தடவிவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்குத் தங்கச்சி கோல் எடுத்தாள். வாய் கோணி, பேச்சும் குழறுதாம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" ஸுபஹிலிருந்து எண்ணினாலும் ஆறு மணித்தியாலம் தாண்டியிருந்தது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம். ரமழானிலிருந்து பிரஷர் குளிசையை உம்மா நிறுத்தியிருந்ததும் அன்றுதான் தெரியவந்தது. கிளினிக்கில் கேட்டிருந்தால் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றித் தந்திருப்பார்கள்.

வாப்பாவுக்கு நெஞ்சு நோவென்றால் வீடே எழும்பும். உம்மாவுக்கு வந்தால் அது களைப்பு. உம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

சகோதரிகளே, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது, இதில் ஒன்று திடீரென வந்தாலும் பாரிசவாதமாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் சும்மா படுக்கவிடாதீர்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய இலவசம். ஆண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓதிய தண்ணீரையும் அந்த நேரம் பருக்க வேண்டாம், புரையேறிவிடும். ஓதி ஊதுங்கள், போதும்.

உம்மா இப்போது பிடித்துப் பிடித்து நடக்கிறார். இடது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. நேற்று தலை சுற்றியதை என்னிடம் சொல்லவில்லை, என் மகனிடம்தான் சொல்லியிருக்கிறார். துஆச் செய்யுங்கள்.