ஜோங்காவும் ஜெனரேட்டர் வண்டியும்

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. திருத்தணி மலையடிவாரத்தில் பந்தல் வேலை மும்முரமாக நடக்கிறது. மலைச்சாலை தொடங்கும் இடத்தில், டீக்கடைக்கு எதிரே, பச்சை வெளுத்த ஜோங்கா ஒன்று நிற்கிறது. அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லர் மேல் ஜெனரேட்டர்.

நிசான் பேட்ரோல் மாதிரியை ஒட்டி, ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை நம் படைக்காகச் செய்த வண்டி ஜோங்கா. பட்டாளத்தில் உழைத்து முடித்தவற்றை ஏலத்தில் எடுத்தவர்கள் பலர், பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டார்கள். இதுவும் டீசல்தான். ஆனால் பின்பக்கம் இருக்கும் தடித்த இரும்புக் கொக்கி பட்டாளத்துக் கொக்கியேதான்.

பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கிக்கு முன்னால் குந்தி உட்காருகிறார். மகன் டிரெய்லரின் பாரைத் தூக்கிப் பிடிக்க, முனையிலுள்ள வளையம் கொக்கியில் இறங்குகிறது. மேல் நாக்கை மூடி, பின்னைச் செருகி, அது கழன்று விழாதபடி கம்பியை வளைத்து விடுகிறார். பிறகு இரண்டு கையாலும் பாரைப் பிடித்து உலுக்குகிறார். வளையத்தின் உட்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்.

“அதான் மாட்டியாச்சே நைனா, செயின் வேற எதுக்கு?”

“கொக்கி விட்டுதுன்னா பார் ரோட்டுல குத்தும். குத்தினா வண்டி குட்டிக்கரணம்தான். குறுக்க போட்ட செயின் கீழ விழாம ஏந்திக்கும்.”

இரண்டு சங்கிலிகளையும் பாருக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வரும்படி மாட்டுகிறார். திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு நீளம், தரையில் உரசாத அளவுக்கு இறுக்கம்.

மகன் டீசல் கேன்களை டிரெய்லரின் வால்பக்கம் அடுக்கியிருக்கிறான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து முன்பக்கம் வைத்துக் கயிறு போடுகிறார். மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். வால் கனத்தால் பார் மேலே எழும்பி ஜீப்பின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கும்; வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் அலையும். அதன்பிறகு ஸ்டீயரிங்கால் அதை அடக்குவது கடினம்.

எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்ற கணக்கையும் படைகள் எப்போதோ போட்டு வைத்தன. இரண்டாம் உலகப் போரில் வில்லீஸ் ஜீப்புக்கென்று ஒரு சிறு டிரெய்லர் செய்தார்கள். ஜீப்பின் அதே அளவுச் சக்கரம். ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தும். சக்கர இடைவெளியும் ஒன்றே என்பதால் ஜீப் போன தடத்திலேயே டிரெய்லரும் போகும். ஜீப்பின் எடை சுமார் 1,100 கிலோ; டிரெய்லரில் ஏற்றச் சொன்ன சுமையோ 227 கிலோதான். ஓடும்போது பிடிக்க அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை. நிறுத்தி வைக்கக் கை பிரேக் மட்டும் உண்டு. ஓடுகிற பாரம் முழுவதையும் ஜீப்பின் சின்ன டிரம் பிரேக்தான் பிடிக்க வேண்டும்.

வண்டி ஏலத்துக்கு வந்ததும் அந்த வரம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மிலிட்டரி வண்டி, எதையும் இழுக்கும் என்பார்கள். இழுக்கும்தான். வேகம் இரட்டித்தால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறதே, அதை யார் நினைக்கிறார்கள்? பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியாகப் போகிறது. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் போச்சு.

பெரியவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலைப் பார்க்கிறார். மகனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, டிரெய்லரின் பின்னால் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். ஒரு பக்கம் எரியவில்லை. பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டியதும் எரிகிறது. கரும்பு வெட்டுக் காலத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் இரவில் போனவர்களுக்கு இந்த விளக்கின் அருமை தெரியும். பின்விளக்கு இல்லாத டிரெய்லர், பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்குப் படும்.

மகன் ஸ்டீயரிங்கில் உட்காருகிறான். பெரியவர் பக்கத்தில்.

“முன்சக்கர கியரை எடுத்துடு, இது தார் ரோடு. ஏறுறப்ப எந்த கியரோ, இறங்குறப்பவும் அதே கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காத, சூடேறினா பிடிக்காது.”

வண்டி நகர்கிறது. பத்தடி போனதுமே, “நிறுத்து” என்கிறார். ஜீப் நிற்க, பின்னாலிருந்து டிரெய்லர் ‘டங்’கென்று முட்டுகிறது. பெரியவர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். கேன்களின் கயிறு ஒரு விரற்கடை தளர்ந்திருக்கிறது. இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறார். பின்னால் வந்து நின்ற வேன் ஹாரன் அடிக்கிறது. பெரியவர் கையை வெளியே நீட்டி அதை முன்னே போகச் சொல்கிறார். பிறகுதான் மகனிடம், “இப்ப போப்பா.”

அந்தப் பத்தடிக்குச் செலவு ஒன்றுமில்லை. டிரெய்லர் மாட்டிய எவரும் மலை ஏறுவதற்கு முன், நெடுஞ்சாலையில் கலப்பதற்கு முன், அதை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். நாளை மறுநாள் இந்தச் சாலை முழுக்கக் காவடி தூக்கிய ஜனங்கள் நடப்பார்கள்.