கறுப்புக் கழுத்துப்பட்டை

கிள்ளானில் ஒரு திருமண விருந்து. காலையில் கோயிலில் தாலிகட்டு முடிந்துவிட்டது; மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் வைத்துக்கொண்டு இரு சிறுமியர் நிற்கின்றனர். வருகின்ற ஆடவருள் பலர் பாத்தேக் சட்டையிலும், சிலர் பட்டு வேட்டியிலும், இன்னும் சிலர் கோட்டிலும் காணப்படுகின்றனர். அவர்களிடையே, எழுபதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், வருகிறார். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பூவோ கோடோ இல்லாத தனிக் கறுப்புக் கழுத்துப்பட்டை. சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே செல்கிறார்.

மணமகளின் பாட்டி பின்வரிசை நாற்காலியில் அமர்ந்தவாறே அதைப் பார்த்துவிடுகிறார். மகனைக் கையசைத்து அழைத்து, "வாத்தியாருகிட்ட மெதுவா சொல்லுப்பா. கல்யாண வீட்டுல கறுப்பைக் கழுத்துல கட்டிக்கிட்டு மேடையேற வேணாம்" என்கிறார். மகன் மறுமொழி கூறாமல் நிற்கிறார். மணமகளின் தந்தை அவர். இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். அந்தக் கழுத்துப்பட்டையை அவர் நன்கு அறிவார்.

அவர் தயங்கி நிற்கட்டும். பாட்டியின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பட்டையை உலகுக்குத் தந்த ஐரோப்பியரைக் கேட்டால் அவர்கள் பாட்டியின் பக்கம்தான் பேசுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட வந்த குரோவாசியப் படைவீரர் கழுத்தில் முடிந்திருந்த துணியே இன்றைய கழுத்துப்பட்டையின் மூதாதை. அதில் கறுப்பைத் துக்கத்தோடு இறுகப் பிணைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின், விக்டோரியா அரசியார் தாம் இறந்த 1901 வரை கறுப்பையே உடுத்தினார். அரண்மனையின் துக்கம் குடிமக்களின் வீடுகளுக்கும் இறங்கி வந்தது. வெள்ளைச் சட்டைமேல் தனிக் கறுப்புப் பட்டை கட்டிய ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டால், யாரோ காலமாகிவிட்டார் என்று அண்டை வீட்டார் எண்ணுவது அங்கு இயல்பாயிற்று. சப்பானியரின் வழக்கம் இன்னும் தெளிவானது. மணவீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஆடவர் அணிவது ஏறக்குறைய ஒரே கறுப்புக் கோட்டுத்தான். மணத்துக்கு வெள்ளைப் பட்டை, சாவுக்குக் கறுப்புப் பட்டை. செய்தி முழுவதையும் கழுத்திலுள்ள அந்த ஒரு முழத் துணி சொல்லிவிடும்.

இதில் படித்தவர்களே தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அழைப்பிதழில் 'பிளேக் டை' என்று அச்சிட்டிருந்தால், அது நீளமான கறுப்புப் பட்டையைக் கேட்கவில்லை. இரவு விருந்துக்கென்றே தைத்த கறுப்புக் கோட்டையும், கழுத்தடியில் வண்ணத்துப்பூச்சிபோல் விரியும் சிறு முடிச்சையும் கேட்கிறது. சொல்லை அப்படியே பொருள்கொண்டு நீளப் பட்டையோடு சென்றவர், அவ்விருந்தில் தாம் மட்டும் இழவுக்கு வந்தவர்போல நிற்க நேரும். நம் நாட்டு அழைப்பிதழ்களில் பெரும்பாலும் வருவது 'லவுஞ் சூட் அல்லது நீண்டகைப் பாத்தேக்' என்பதே. இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பாத்தேக்கைப் போன்ற அறிவான உடை வேறில்லை. ஆயினும் கோட்டுத்தான் என்று முடிவு செய்தவர், கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பட்டையும் ஒன்றாக அணிவதைத் தவிர்க்கலாம். சாவு வீட்டு நினைவு ஒருபுறமிருக்க, கோலாலம்பூர் ஓட்டல்களில் உணவு பரிமாறுவோரின் உடையும் அதுவாக இருப்பதுண்டு. மேசையிலிருப்பவர் தண்ணீர் கேட்டுவிடக் கூடும். சாம்பல் கோட்டோ நீலக் கோட்டோ ஆனால், அதே கறுப்புப் பட்டை அடக்கமான ஓர் அழகைத் தருகிறது. நம் ஆசிரியர் அணிந்து வந்தது சாம்பல் கோட்டுத்தான். பாட்டிக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

தமிழர்க்குக் கறுப்பு என்றுமே தீய நிறமாக இருந்ததா என்று கேட்டால், ஆம் என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. குழந்தையின் கன்னத்தில் இடும் திருஷ்டிப் பொட்டு கறுப்பு. கண்ணுக்கு மை கறுப்பு. சில சமூகத்தாரின் தாலிச் சரட்டில் கருகமணி கோக்கப்படுகிறது. மசக்கைக் கறுப்பு என்று கருவுற்ற பெண்ணுக்குக் கறுப்புச் சேலை உடுத்தும் வீடுகளும் உண்டு. ஐயப்பனுக்கு மாலையிட்டவர் நாள்தோறும் கறுப்பில்தான் திரிகின்றனர். 1929இன் இறுதியிலும் மீண்டும் 1954இலும் மலாயாவுக்கு வந்த பெரியார், இடைப்பட்ட 1940களில் தம் தொண்டர்க்குக் கறுப்புச் சட்டையைச் சீருடையாக்கினார். சமூக இழிவின் அடையாளமாக அணிந்த அந்தச் சட்டையோடு சுயமரியாதைத் திருமணங்களை அவர்கள் முன்னின்று நடத்திவைத்தனர். வாழ்த்துரையும் கறுப்புச் சட்டையிலிருந்தே வந்தது.

நிறங்கள் ஊருக்கு ஊர் பேச்சை மாற்றிக்கொள்ளும். மஞ்சள் நமக்கு மங்கலத்தின் உச்சம். இந்நாட்டில் அது அரசர்க்குரிய நிறமாதலால் அரண்மனை நிகழ்ச்சிகளுக்கு விருந்தினர் மஞ்சள் உடுத்திச் செல்வதில்லை. 2001 நவம்பர் 21இல், அப்போது மாமன்னராக விளங்கிய சிலாங்கூர் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசீஸ் ஷா மறைந்து, இதே கிள்ளான் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அரச மறைவின்போது மலாய்க்காரர் சொங்கோக்கைச் சுற்றிக் கட்டும் துக்கத் துணியின் நிறம் வெள்ளை. வெள்ளை என்றால் என்னவென்று பாட்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் இறந்த நாளில் குங்குமத்தையும் வண்ணச் சேலையையும் விட்டவர் அவர். அன்று காலை கோயிலில் பேத்தியின் கழுத்தில் தாலி ஏறியபோதும் தூணுக்குப் பின்னால்தான் நின்றார். போகச் சொன்னவர் யாருமில்லை. தாமாகவே போய் நின்றார்.

கழுத்துப்பட்டைக்கு இவ்வட்டாரத்தில் வேறொரு வரலாறும் உண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே வேலைக்கென யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் பலர், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள். எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணிபுரிந்தவர்கள். கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு முதலில் அவர்களுக்கு அடையாளமாயிருந்தது. திறந்த கழுத்துக் கோட்டும் பட்டையும் பின்னர் வந்தன. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நிலைமை வேறு. பால்மரம் சீவியவனுக்குக் கழுத்தில் கிடந்தது வியர்வை துடைக்கும் துண்டு. பட்டை கட்டியவர் துரை. அவரைப் பார்த்துக் கட்டியவர் கிராணி. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கித்தான் நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் காலம் அது. கூலி உயர்வோடும், பிள்ளைகளுக்குக் கல்வியோடும், கள்ளுக்கடை மூடலோடும் சேர்த்துத் தொழிலாளர் கேட்ட ஒன்று: மேலாளர் முன்னே சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமை. அவர்கள் காந்தி குல்லாய் அணியத் தொடங்கியதும் மேலிடத்தாருக்குப் பொறுக்கவில்லை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். தலையில் ஒரு வெள்ளைக் குல்லாய்க்கு இத்தனை விலை இருந்த மண்ணில், கழுத்தில் ஒரு பட்டை கட்டுவது வெறும் அலங்காரமாக எப்படி இருக்க முடியும்?

அத்தகைய தோட்டம் ஒன்றின் லயத்தில், அந்த வேலைநிறுத்தத்துக்குப் பத்தாண்டு கழித்துப் பிறந்தவர்தாம் நம் ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வு பெற்றபோது, கற்பித்தல் பயிற்சிக்குக் கழுத்துப்பட்டை வேண்டும் என்றார்கள். கையிலிருந்த காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். கிள்ளான் கடைக்காரர் கறுப்பை எடுத்துக் கொடுத்து, "எந்தச் சட்டைக்கும் சேரும் தம்பி. அழுக்குத் தெரியாது. நல்லதுக்கும் கட்டலாம், கெட்டதுக்கும் கட்டலாம்" என்றாராம். முடிச்சுப் போடக் கற்பிக்க வீட்டில் ஆள் இல்லை. தந்தைக்குத் தெரிந்த முடிச்சு, மாட்டுக் கயிற்றின் முடிச்சு. உடன் பயின்ற ஒருவர் ஒருமுறை கட்டிக்கொடுக்க, அதை அவிழ்த்துவிட அஞ்சி, சுருக்கைத் தளர்த்தித் தலைவழியே கழற்றி, மூன்று வாரம் அப்படியே மாட்டியிருக்கிறார்.

பின்னர் அந்தப் பட்டை பள்ளியில் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. திங்கட்கிழமைச் சபைகூடலுக்கு அவர் கட்டுவார். மற்ற நாள்களில் அது இரவல் போகும். புகுமுக வகுப்பு தாண்டி, இடைநிலைப்பள்ளி முடித்து, நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்த பழைய மாணவர் பழைய பள்ளியைத் தேடி வருவர். "ஐயா, டை…" என்று இழுப்பர். அவர் இழுப்பறையைத் திறப்பார். முடிச்சைத் தாமே போட்டுக் கொடுப்பதில்லை. எதிரே நின்று தம் கழுத்தில் கட்டிக் காட்டுவார். பிறகு அவிழ்த்து அவர்கள் கையில் கொடுத்து, தவறின்றி மூன்று முறை கட்டச் சொல்வார். நுனி இடுப்பு வாரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. எத்தனை பேர் கழுத்துக்கு அது போய்வந்தது என்று அவர் கணக்கு வைத்ததில்லை. வேலை கிடைத்தவர்களும் உண்டு. கிடைக்காமல் பட்டையை மட்டும் தேய்த்து மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனவர்களும் உண்டு. அந்தத் துணி நூல் பிரிந்து போய்ப் பல்லாண்டாகிறது. இன்று அவர் கழுத்தில் கிடப்பது அதே போன்று வாங்கிய மூன்றாவது. வேறு நிறம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை.

மணமகளின் தந்தை ஆசிரியர் பயிற்சி நேர்முகத்துக்குச் சென்றது அந்த முதல் பட்டையோடுதான். தாய்க்கு அது தெரியாது. அந்நேரம் அவர் பால் எடுக்கப் போயிருந்தார்.

மண்டபத்தில் அவர் ஒருவாறு ஆசிரியரின் மேசைக்கு வந்துவிட்டார். நலம் விசாரித்தார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், நாற்காலியை நகர்த்தினார், மீண்டும் நலம் விசாரித்தார். நாற்பதாண்டு மாணவர் முகங்களைப் பார்த்த ஆசிரியர் பின்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"டையா?"

"அம்மாதான், ஐயா… பழைய காலத்து ஆளு. நான் சொல்லிக்கிறேன், நீங்க இருங்க."

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கூறி ஆசிரியர் முடிச்சில் விரலை நுழைத்தார். ஒரே இழுப்பில் பட்டை கையோடு வந்தது. நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மேடைக்குப் போகாமல் பின்வரிசைக்குப் போனார்.

"கறுப்பைக் கழற்றிட்டேம்மா. வாங்க, பிள்ளைங்களை ஆசீர்வாதம் பண்ணலாம்."

"நான் எதுக்குங்க வாத்தியாரே மேடைக்கு? நீங்க போங்க. இங்கிருந்தே பாத்துக்கிறேன்."

"எனக்குப் பட்டை இருந்துச்சு, கழற்றிட்டேன். உங்களுக்கு என்ன இருக்கு கழற்ற? வாங்கம்மா."

பாட்டி எழவில்லை. தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியரும் போகவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் அடுத்தடுத்துப் பெயர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பெயரும் இருமுறை அழைக்கப்பட்டது. மூன்றாம் முறை அழைப்பதற்குள், மணப்பெண் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். மணமகனும் பின்னாலேயே வந்தான். நிழற்படக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்தப் படத்தில் பாட்டியின் கை பேத்தியின் தலைமேல் இருக்கிறது. ஆசிரியரின் சட்டைக் கழுத்து திறந்து கிடக்கிறது. கோட்டுப் பையின் ஓரத்தில் கறுப்பு நுனி ஒன்று வெளியே தெரிகிறது.