கருவேலத்தின் பூர்வீகம்

எங்கள் பக்கம் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் சீமைக் கருவேலத்தில்தான் போய் முட்டும். மழை இல்லையா, கருவேலம். போர் வற்றிப்போச்சா, கருவேலம். இதை யார் கொண்டுவந்து போட்டது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு பதில். காமராசர் ஆட்சியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பார்கள் பெரியவர்கள். நம்மை அழிக்க வெள்ளைக்காரன் தூவிவிட்டுப் போனான் என்பது வாட்ஸ்அப் கட்சி. நான் நூற்பாலை ஒன்றில் பாய்லர் பார்க்கும் இன்ஜினீயர். மெஷின் மக்கர் பண்ணினால் முதலில் பழைய லாக் புக்கைப் புரட்டுகிற பழக்கம் உண்டு. இந்த மரத்துக்கும் எங்காவது ஒரு லாக் புக் இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

ஆஸ்திரேலியாக் கதை சீக்கிரமே விழுந்துவிட்டது. மரத்தின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வடக்கு. ஆஸ்திரேலியாவே இந்த இனத்திடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. அங்கே 1999-லேயே தேசிய அளவில் கவனிக்க வேண்டிய களை என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வனவியல் நூல்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட பெயர் பெடோம். மெட்ராஸ் மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த ராணுவ அதிகாரி. சும்மா ஆள் இல்லை. தென்னிந்திய மரங்களைப் படம் போட்டுப் பதிவு செய்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்பு, பல்லி, தவளை பலவற்றை உலகுக்கு அறிமுகம் செய்தவர். 1876-ல் அவர் வருவாய்த் துறைக்கு எழுதி, வறண்ட நிலங்களில் நட இந்த விதை வேண்டும் என்று கேட்கிறார். 1877-ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடுகிறார்கள். தேதியைக் கவனியுங்கள்: அது தாது வருஷப் பஞ்ச காலம். ரயில் எஞ்சின்கள் விறகைத் தின்று ஓடிய காலமும் கூட. காடு கரைந்துகொண்டிருக்கிறது, விறகு வேண்டும், மழையோ பொய்த்துவிட்டது. அந்த நிலைமையில் தண்ணீர் கேட்காத, வெட்டினாலும் தழைக்கிற, நின்று எரிகிற மரம் ஒன்றைக் கேட்டால், என் மேஜைக்கு அந்தக் கடிதம் வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சதி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரனோடு கதை முடிந்துவிடவும் இல்லை. 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை ராஜ மரம் என்றே அறிவித்துப் பாதுகாக்கச் சொன்னது. 1960-களின் தொடக்கத்தில் குஜராத் கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியை உப்புப் பாலை தின்றுவிடாமல் தடுக்க வனத்துறையே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் இதைப் போட்டது. இன்று அந்தப் புல்வெளியைத் தின்பது அந்த மரம்தான்.

ஆனால் கமலாபுரத்தில் நட்டது எங்கள் கண்மாய்க்கு எப்படி வந்தது? அதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. கீழே கிடந்த ஒரு நெத்தை எடுத்துப் பிரித்தேன். வெளியே வெல்லம் மாதிரி இனிக்கிற சதை; உள்ளே ஒவ்வொரு விதையும் தனித்தனிக் கெட்டி உறைக்குள். நகத்தால் முடியவில்லை, கட்டிங் பிளேயரால்தான் உடைக்க முடிந்தது. இலையை ஆடு சீந்தாது, நெத்தை விடாது. விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய் உறை இளகி, எருவோடு வெளியே வரும். எங்கள் ஊரில் நிலத்துக்கு உரமாகட்டும் என்று கிடை போடுவார்கள். ஒரு மந்தை இரவெல்லாம் படுத்துக் கிடந்த நிலத்தில் எத்தனை விதை விழுந்திருக்கும்! உழுகிற நிலம் என்றால் முளைத்தது மடிந்துவிடும். உழவை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனவன் நிலத்தில் நாலு வருஷத்தில் காடு. குடிமராமத்து மறந்த கண்மாயிலும் அதேதான். விதை வந்த வருஷத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள், கலப்பை நின்ற வருஷத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

வாட்ஸ்அப் சொல்வதில் பாதி குப்பை. இந்த மரம் பிராணவாயு விடாது என்கிறார்கள். பச்சை இலை வைத்திருக்கிற எந்த மரமும் பகலில் அதைத்தான் செய்யும். பறவை அண்டாது என்கிறார்கள். எங்கள் கண்மாய்க் கருவேலத்தில் கொக்கு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தண்ணீர் விஷயம் மட்டும் வேறு. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மரத்தில் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள்: நாளைக்கு 1 முதல் 36 லிட்டர் வரை, சராசரி 7. குடிக்கிற அளவு மண்ணுக்கு மண் மாறும். இருந்தாலும் ஒரு உத்தேசக் கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 400 மரம் என்றால் நாளைக்கு 2,800 லிட்டர், வருஷத்துக்குப் பத்து லட்சம் லிட்டர். மழையாகச் சொன்னால் 250 மில்லிமீட்டர். ராமநாதபுரத்தின் சராசரி மழையே 800-ஐ ஒட்டித்தான். கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. கண்மாய் வற்றினால் ஆவியாவது நின்றுவிடும். இந்த மரம் நிறுத்தாது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதன் சொந்தக்கார மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நாள் கரி மூட்டம் போடுகிற ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே ஈர மண் பூசி, அடியில் தீ வைத்திருந்தார். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அவர் கண் அந்த வெடிப்புகளை விட்டு நகரவேயில்லை. வெள்ளையாகக் கிளம்பும் புகை மெலிந்து நீலம் தட்டினால் உள்ளே கரி பழுத்துவிட்டது என்றார். நான் பாய்லரில் சென்சாரை வைத்துப் பார்ப்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். "இது இல்லேன்னா எம் பிள்ளைக படிச்சிருக்காது சார்" என்றார். அவரிடம் போய் ஒழிப்பு இயக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

2017-ல் வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மரங்களை அகற்றச் சொன்னது. ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது. ஆய்வு செய்யாமல் அகற்றக் கூடாது என்று அதே வருஷம் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இப்போது செயற்கைக்கோள் படம், டிரோன் என்று பேசுகிறார்கள். கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்க இது பச்சையாக நிற்பதால் மேலிருந்து எண்ணுவது சுலபம். பிடுங்குவதுதான் கஷ்டம். எங்கள் கண்மாயில் தரையோடு அறுத்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்குள் இருந்த தூரிலிருந்து அடுத்த மழைக்கே கொத்துக் கொத்தாய்த் தழைத்துவிட்டது.

எங்கள் கண்மாய்க்குப் போட்ட ஒப்பந்தத்தில் அகற்றும் பரப்புக்கு மட்டும்தான் பணம். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் முளைப்பதைப் பிடுங்க ஒரு பைசா இல்லை. பராமரிப்புக்கு வழி வைக்காமல் எந்த பாய்லரையும் நான் ஓட்டச் சம்மதிக்க மாட்டேன். அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தூரோடு பிடுங்குகிற வேலையை மூட்டக்காரர்களுக்கே கொடுங்கள், கட்டையும் அவர்களுக்கே, மேற்கொண்டு கூலியும் கொடுங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன். எந்தத் தூர் எங்கே தழைக்கும் என்று டிரோனைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.