சுங்காயில் பார்க்காத புலி

என் மலேசியக் கடப்பிதழ் அட்டையில் இரண்டு புலிகள் பின்னங்காலில் நிற்கின்றன. நாட்டுக் காற்பந்துக் குழுவின் செல்லப்பெயர் ஹரிமாவ் மலாயா, அதாவது மலாயாப் புலி. ஆனால் உயிருள்ள புலியைப் பார்க்க வேண்டுமென்றால், ஷா ஆலமிலிருந்து உலு கிள்ளான் வரை போய் சூ நெகாராவில் சீட்டு வாங்க வேண்டும். 1963 நவம்பரில் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த இடம். ஆரம்பப் பள்ளியில் எங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புலி தூங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

போன மாதம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்காய்க்குப் போனேன், மாமாவைப் பார்க்க. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் செம்பனைதான். சீக்கிரமே சலித்துவிடும். ஆனால் எனக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. பெர்ஹிலி என்று எல்லாரும் சொல்லும் வனவிலங்குத் துறையின் தேசிய மீட்பு மையம் சுங்காயில்தான் இருக்கிறது. 2013-இல் தொடங்கியது. கிராமத்துக்குள் வந்து கூண்டில் அகப்பட்ட புலிகளை இங்கேதான் கொண்டுவருகிறார்கள். எப்படியாவது எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் விட மாட்டாங்கம்மா," என்றார் மாமா. "உள்ள போயி என்ன பாக்கப்போற? அது உன்னயப் பாக்கவா அங்க வந்துச்சு?"

எண்பதைத் தொடும் மாமா அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர். இருட்டோடு பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால், வெளிச்சம் விழும் இரண்டு மரம்தான் உலகம். பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. மலாய்க்காரர்கள் அங்கே புலியை ஹரிமாவ் என்று சொல்ல மாட்டார்களாம். பாக் பெலாங், அதாவது வரிபோட்ட ஐயா. மாமாவின் லயத்தில் 'பெரியவர்'. "மண்ணுல காலடி கெடந்தா கங்காணிகிட்டச் சொல்லிட்டு அடுத்த நிரைக்குப் போயிடுவோம். அவர் வழியில அவர், நம்ம வழியில நம்ம."

1950-களில் தீபகற்பத்தில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் 150-க்கும் குறைவு என்றது. காடு செம்பனையானது பாதிக் கதை. மீதி, கம்பிக் கண்ணி. ஒரு கம்பிச் சுருள் வாங்கும் காசில் ஒரு காட்டையே காலி செய்யலாம். 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். கம்பியின் விலை ஏறவில்லை. மானும் பன்றியும் குறைந்தால் புலி காட்டோரத்துக்கு வரும். 2023-இல் குவா மூசாங் பக்கம் புலி தாக்கி இறந்தவர்களில் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த வெளிநாட்டவர்களும் உண்டு. அந்தச் செய்தியை மாமா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நிரையில் ஆள் மாறியிருக்கிறதே தவிர இருட்டு அப்படியேதான் இருக்கிறது.

மையத்துக்குள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விடாததில் எனக்கு இப்போது கோபமில்லை. திரும்பக் காட்டுக்குப் போக வாய்ப்புள்ள புலி மனித வாடைக்குப் பழகினால், அடுத்த கூண்டு அதற்காகத் தயாராக இருக்கும். மனிதரைக் கண்டு ஒதுங்கும் அந்தப் பயம்தான் அதன் ஆயுள். மீட்ட புலியோடு படம் எடுக்க விடும் இடங்கள் உலகத்தில் நிறைய. அவற்றில் பலவற்றுக்கு மீட்பு என்ற சொல் ஒரு பெயர்ப்பலகை மட்டும்.

பயம் விட்டுப்போன புலியும் ஒன்று இந்த மையத்துக்கு வந்தது. 2019 ஜூலையில், திரெங்கானுவின் டுங்குன் பக்கத்தில், பட்டப்பகலில் வீடுகளுக்கு நடுவே நடந்து திரிந்தது. ஆட்களைக் கண்டு ஓடவில்லை. பிடித்த சில நாளிலேயே இறந்துபோனது. பசியும் இல்லை, கோபமும் இல்லை. டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் வைரஸ். மூளையைத் தாக்கும். ஊர் நாய்களுக்கு ஊசி போட்டால் அவற்றுக்கு வராமல் தடுக்கலாம்.

இதை நான் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கருப்பன், வெள்ளையன் என்ற இரண்டு நாய்களும் என் கார் நிழலில் படுத்திருந்தன.

"இதுங்களுக்கு ஊசி போட்டிருக்கா மாமா?"

"தெரு நாய்க்கு யாரும்மா ஊசி போடுவா? ராத்திரியானா பன்னிய வெரட்டிக்கிட்டுச் செம்பனைக்குள்ள போயிடும். காலையிலதான் வரும்."

செம்பனைக்கு அந்தப் பக்கம் காடு.

திங்கட்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு இரவு அங்கேயே தங்கினேன். விடிந்ததும் இரண்டையும் காரில் ஏற்ற மாமாவும் நானும் அரை மணி நேரம் போராடினோம். வெள்ளையன் சாதுவாக வந்தது. கருப்பன் பின் இருக்கையை முழுக்கப் பிறாண்டிவிட்டது.