மிடியும் அப்பாவின் மல்லாரியும்

தமிழ் அகராதியில் 'மிடி' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள் நண்பர்களே, 'வறுமை' என்று போட்டிருக்கும். அந்த மிடி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நான் எழுத வந்தது வேறு மிடி, கம்ப்யூட்டரில் இசை செய்கிறவர்கள் சொல்லும் மிடி. இரண்டுக்கும் எங்கள் வீட்டில் கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

நம் வகுப்பிலேயே பலர் மிடி என்றால் எம்.பி.3 மாதிரி ஒரு பாட்டு ஃபைல் என்று நினைக்கிறார்கள். மிடியில் சத்தமே கிடையாது! எந்தக் கட்டையை அழுத்தினான், எவ்வளவு வேகமாக அழுத்தினான், எப்போது விட்டான்... இவ்வளவுதான் இருக்கும். கல்யாணத்துக்கு எழுதுகிற மளிகை லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதே லிஸ்டை வைத்து ஒவ்வொரு சமையல்காரரும் ஒவ்வொரு ருசியில் சமைப்பார். ஆடியோ என்பது இலையில் விழுந்துவிட்ட சாம்பார். அதில் உப்பு கூடிவிட்டால் கூடியதுதான்.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று அமெரிக்காவின் புராஃபெட்-600, மற்றது ஜப்பான் ரோலண்டின் ஜூபிடர்-6. இதை வாசித்தால் அது பேசியது. இதற்குப் பாடுபட்ட டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013இல் டெக்னிகல் கிராமி விருது கொடுத்தார்கள்.

இ.சி.இ. நண்பர்களுக்கு ஒரு ருசியான விஷயம். மிடி கேபிளில் ஓடுவது நாம் லேபில் பார்க்கும் அதே சீரியல் டேட்டாதான். வேகம் விநாடிக்கு 31250 பிட். ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 320 மைக்ரோ செகண்ட். ஒரு ஸ்வரத்தைத் தொடங்க 3 பைட். ஆக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். 8051இல் 12 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு, டைமர் 1ஐ மோட் 2இல் வைத்து, டி.எச்.1இல் எஃப்.எஃப். ஏற்றினால் அச்சு அசலாக 31250 கிடைக்கும்! ஆனால் நம் லேப் கிட்டில் இருப்பது 11.0592. அதில் 28800தான் வரும், மறுமுனைக்கு ஒன்றும் புரியாது. கிரிஸ்டலை மாற்றுங்கள். இது தெரியாமல் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு பேட்ச்சை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

அப்பா நாதஸ்வரக்காரர். சித்தப்பா தவில். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் ஏழாவது படிக்கும்போது சீவாளியை எடுத்து ஊதிப் பார்த்தேன். அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். "இது என்னோட போகட்டும், நீ படி" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். முகூர்த்தங்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஒரு கல்யாணத்தில் மேளத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, கீபோர்டில் பென்டிரைவ் போட்டு நாதஸ்வரச் சத்தத்தை ஓடவிட்டார்கள். பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. மிடிக்கும் மிடிக்கும் சம்பந்தம் என்றேனே, அதுதான்!

போன வருஷம் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஆறு மாதம் ஊதக் கூடாது. அப்புறமும் பழைய தம் இருக்குமா என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்படும்போது அப்பா வாசிக்கிற மல்லாரி அவருடைய குருநாதரிடம் கற்றது. அந்தப் பாணியில் வாசிக்க எங்கள் ஊரில் வேறு ஆள் கிடையாது. ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது.

என்னிடம் இருந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். சின்ன ஃபைல், பழைய மெஷினிலும் ஓடும். டவுனில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் தன் ஆடியோ இன்டர்ஃபேஸையும் இரண்டு மைக்கையும் இரவல் கொடுத்தார். (கீபோர்டுக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.)

முதலில் நான் யோசித்தது மிடி வழி. அதில் தவறு இருந்தால் திருத்தலாமே! ஆனால் 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலைப் பாருங்கள். 128 கருவிகளில் 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய். நாதஸ்வரம் இல்லை. சரி, ஷெனாயை வைத்துத் தோடியில் ஒரு சின்னப் பிடி செய்யலாம் என்று உட்கார்ந்தேன. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மிடியிலோ ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு செங்கல். செங்கலை அசைக்க 'பிட்ச் பெண்ட்' இருக்கிறது, 16384 படிகள். அதை மவுஸால் வளைத்து வளைத்து வரைந்தேன். நாலு விநாடி சங்கீதத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. அப்பா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இவன் எப்பம்பா மூச்சு வாங்குவான்?"

8051இல் ஏழு சுவிட்ச் வைத்து, ஏழு விரல் துளைகள் மாதிரி ஒரு பெட்டியும் செய்திருந்தேன். மினி புராஜக்ட்டுக்கு ஆகட்டுமே என்ற ஆசையும் இருந்தது. அப்பா விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "பாதித் துளை எங்கடா?" என்றார். சுவிட்சில் ஏது பாதி? ஒன்று அல்லது பூஜ்யம்தான். அன்றோடு, அப்பாவை ஆடியோவாகத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

பகலில் பஸ் சத்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் எடுத்தோம். நாதஸ்வரம் பக்கத்தில் மைக் வைத்தால் காது கிழியும், மீட்டர் சிவப்பு காட்டும். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபலைத் தாண்டிய சத்தம் வெட்டுப்பட்டுவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மைக்கை எட்டு அடி தள்ளி வைத்து, மிக உரத்த இடத்திலும் மைனஸ் 12ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். 24 பிட்டில் எடுத்தால் இப்படி அடக்கி எடுப்பதால் நஷ்டமில்லை. செல்போனில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பல போன்கள் மெல்லிய இடத்தைத் தானாகத் தூக்கி, உரத்த இடத்தை அமுக்கிவிடும். ஆலாபனையின் ஏற்ற இறக்கமே போய்விடும். இடமும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 48000 சாம்பிள், 24 பிட், ஒரு மைக்குக்கு நிமிஷத்துக்கு 8.64 எம்.பி. மிடியாக இருந்தால் மொத்தமும் சில கே.பி.யில் முடிந்திருக்கும்.

தாளக்காரரும் ஒத்துக்காரரும் வரவில்லை. அவர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பதே உண்மை. அந்த இரண்டையும் பிறகு மிடியில் சேர்த்தேன். அங்கேதான் வேடிக்கை. அப்பாவின் சுருதி இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில், இரண்டு கட்டைக்கு 35 சென்ட் மேலே நின்றது. (ஒரு அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்.) அப்பாவை 35 சென்ட் இறக்கிப் பார்த்தேன், ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிட்டார். அதனால் அவரைத் தொடாமல், மிடி ஒத்தை 35 சென்ட் ஏற்றினேன். ஒட்டிக்கொண்டது! தாளமும் அப்படியே. மென்பொருள் நிமிஷத்துக்கு 120 என்று தன் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சித்தப்பா அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறார்? உற்சாகம் வந்தால் ஒரு மயிரிழை முன்னே போவார். ஒவ்வொரு ஆவர்த்தத்தின் முதல் அடியிலும் ஒரு டெம்போ குறி வைத்து, கோடுகளைத் தவிலுக்குப் பின்னால் நடக்கவிட்டேன். பட்டன் ஒன்றை அமுக்கித் தவிலைக் கோட்டில் தள்ளியிருக்கலாம்தான். செய்யவில்லை. யாருக்காக யார் நகர்வது?

வீட்டுக்குள் ஸ்டூடியோ என்றதும் நமக்கு ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்கட்டில் அமைத்த ஸ்டூடியோதான் ஞாபகம் வரும். அப்பாவுக்கு ஞாபகம் வருவது 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. திரையில் சிவாஜி, ஆனால் ஊதியது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். "அவங்க சத்தம் இன்னும் இருக்குல்ல" என்பார். ரிக்கார்டிங் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதமும் ஊதாமல் இருந்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் மல்லாரியைத் தானே கேட்டு, இரண்டாம் காலத்தில் ஒரு இடத்தில் முகம் சுளிப்பார். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார். அந்த மூன்று நாள் ரிக்கார்டிங்கும் எங்கள் லேப்டாப்பிலும் இரண்டு பென்டிரைவிலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் உடுக்கையோ உறுமியோ வாசிக்கிற தாத்தா இருந்தால் சொல்லுங்கள், மைக் வைக்க நான் வருகிறேன். இரவல் இன்டர்ஃபேஸ் எப்போது கிடைக்கும் என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இப்போது தினமும் கொஞ்சம் சாதகம் செய்கிறார். ஒத்து ஊத ஆள் இல்லாததால் என் மிடி ஒத்துதான் துணை. போன வாரம் புதுச் சீவாளி மாற்றினார். ஊதிப் பார்த்துவிட்டு, "டேய், சுருதியை ஒரு நூல் ஏத்து" என்றார். ஒரு நூல் என்பது எத்தனை சென்ட் என்று கேட்டேன். "ஏத்துடா, நான் சொல்றேன்" என்றார். மூன்று ஏற்றினேன், தலையை ஆட்டவில்லை. ஏழில் ஆட்டினார்.