தொட்டிலும் விளக்கும்

அரபு மொழியில் தொட்டிலுக்கு 'மஹ்து' என்று பெயர். சமப்படுத்துதல், விரித்து ஆயத்தம் செய்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. மாணவர்களுக்கு இதனைப் பல்லாண்டுகளாக விளக்கி வருகின்றோம். ஆயினும் அதன் உட்பொருளை நமக்குக் கற்பித்தவன் எட்டு மாதப் பேரன்.

மகள் நம் இல்லத்தில் தங்கியிருந்த காலம். மதரஸாப் பணி முடித்து, இஷாவும் தொழுது நாம் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேரனை அழைப்போம். அரைத் தூக்கத்திலிருக்கும் பிள்ளை கண் விழித்துச் சிரிப்பான். எல்லா விளக்குகளையும் ஏற்றி, அவனை வாரியெடுத்து, வெளிநாட்டிலிருக்கும் மருமகனுக்குக் கைப்பேசியில் காட்டுவோம். பின்னர் நாம் படுத்துறங்கிவிடுவோம். பிள்ளையோ நள்ளிரவு வரை வீறிட்டு அழுவான். கண்ணேறு என்றார் ஒருவர். பால் போதவில்லை என்றார் மற்றொருவர். நாமும் ஓதி ஊதினோம்.

ஓர் இரவு இரண்டு மணியளவில் துணைவியாரின் குரல் கேட்டு எழுந்தோடினோம். மகள் சுவரில் சாய்ந்தவாறே அயர்ந்து உறங்கிவிட்டாள். மடியிலிருந்து நழுவிய குழந்தையைத் துணைவியார் ஏந்திப் பிடித்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், தீங்கொன்றும் நேரவில்லை. திடுக்கிட்டு விழித்த மகள், "வாப்பா, ஒரு மாசமா நான் தூங்கவே இல்லை" என்று விம்மினாள்.

மறுநாள் பிள்ளையைப் பரிசோதித்த மருத்துவ அம்மையார், நோய் ஏதுமில்லை என்றார். "வீட்டில் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?" என்று மட்டும் வினவினார். நாம் தலை குனிந்தோம். மக்தபில் தூங்கி விழும் சிறார்களுக்காக எத்தனை பெற்றோரை நாம் கடிந்திருப்போம்!

பிறந்த சிசுவுக்கு இரவு பகல் தெரியாது. உடலில் அவ்வொழுங்கு அமைய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பகலின் வெளிச்சமும் இரவின் இருளுமே அதற்கு ஆசான்கள். 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கம் உட்பட 12 முதல் 16 மணி நேர உறக்கமும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேர உறக்கமும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்துள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரைக்காட்சி அறவே வேண்டாம் என்றும் அது கூறுகின்றது.

அன்று முதல் வீட்டின் ஒழுங்கு மாறிற்று. மாலை மங்கியதும் வெந்நீரில் உடல் துடைத்தல், பாலூட்டல், விளக்கைத் தணித்தல், தாலாட்டு என நாள்தோறும் அதே வரிசை. கண் செருகும்போதே தட்டையான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவோம். கடுகுத் தலையணையையும் மருத்துவர் சொற்படி அகற்றினோம். இரவில் பசித்தழுதால் மங்கிய ஒளியில் பாலூட்டுவதோடு சரி, விளையாட்டில்லை. முதல் சில இரவுகள் அழுதான். தாய் அருகிலிருந்து தட்டிக்கொடுத்தாள். இரண்டு வாரங்களில் எட்டரை மணிக்கெல்லாம் உறங்கலானான். மகளின் முகத்திலும் பழைய தெளிவு திரும்பியது.

இப்போது இரவில் ஓசையின்றி உள்ளே நுழைகின்றோம். எட்டிப் பார்க்கவும் ஆசைதான், அடக்கிக்கொள்கின்றோம். மருமகனின் அழைப்பும் பகலுக்கு மாறிவிட்டது. சுபுஹு தொழுது திரும்புகையில் பேரன் விழித்துக் கிடப்பான். அது நமக்குரிய நேரம்.

உறக்கத்தைக் குழந்தைக்கு ஊட்டிவிட எவராலும் இயலாது. அது வரும் வழியைச் சமப்படுத்தி வைப்பதே பெரியோர் கடமை. இதனைப் படிக்கும் பாட்டன்மார்களே, இன்றிரவு உங்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணையும்?