பெரட்டும் பெருவெள்ளமும்

காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு ஆற்றின் சுபாவம் தெரியாதா என்ற நம்பிக்கையோடு ஜோகூருக்கு வந்து, கோத்தா திங்கிக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக அமர்ந்த எனக்கு, வெள்ளம் இன்னதென்று கற்பித்தவை 2006 டிசம்பரும் 2007 ஜனவரியுமே. முதல் வெள்ளம் வடிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் சேற்றைக் கழுவிச் சட்டிபானைகளை அடுக்கி, ஒரு மாதம் நிறையுமுன் ஜோகூர் ஆறு மறுபடியும், முன்னிலும் உக்கிரமாக, கோத்தா திங்கியை மூழ்கடித்தது. அந்தப் பருவத்தில் மாநிலமெங்கும் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு துறந்து நிவாரண மையங்களில் தஞ்சம் புகுந்தார்கள்.

அந்த இரண்டாம் வெள்ளத்தின் இரவில், மேட்டுக்குப் புறப்படும் கடைசி லோரியின் அருகே நின்று, "மொத்தம் எத்தனை பேர்?" என்று ஆட்களை மேய்க்கும் மண்டோர் கேட்டபோது, என் கையிலிருந்த பதிவேட்டில் விடை இல்லை. வேலைக்குமுன் ஆட்கள் கூடும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது நம்மவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த வழக்கந்தான். ஆயினும் அது கூலிக் கணக்கு, கூலி வாங்காத கிழவரும் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அதில் இடம்பெறுவதில்லை. முன்பு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டி ஒருத்திதான் வீடு வீடாக நினைவுகூர்ந்து விரல் மடக்கி எண்ணி, "கிராணி ஐயா, நம்ம ஆளுங்க எல்லாரும் ஏறிட்டாங்க, கடைசி லயத்து இந்தோனேசியாப் பையனுங்க ரெண்டு பேரைக் காணோம்" என்றாள். அவ்விருவரும் இடுப்பளவு நீரில் ஆபீஸ் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் உள்ளே பெட்டியில் இருந்தன. பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது.

இருவரும் பிழைத்தார்கள். மறுவாரமே பாஸ்போர்ட்டுகளை உரியவர்களிடம் கொடுத்து, நீர் புகாத பைகளும் வாங்கித் தந்தோம். பாட்டியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, லயவாரியாக, உறங்குகிறவர் ஒவ்வொருவரையும் எழுதினேன்: யாருக்கு இன்சுலின், யாருக்கு நடக்க முடியாது, யாருக்கு எந்த மொழி புரியும் என்பது வரைக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் நவம்பருக்கு முன்பே களைக்கொல்லிகளும் டீசல் பீப்பாய்களும் மேட்டுக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். வெள்ளத்தோடு கலந்த விஷம் கிணற்றையும் கெடுக்கும். எலிக்காய்ச்சல் வெள்ளம் வடிந்தபின் வருவதாகையால், சேறு வாரப் பூட்ஸும் அவசியம். எல்லாவற்றிலும் கடினமானது குலைவெட்டை நிறுத்துவது. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறுமென்பதால், பாதை அறுபடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு லோரி என்ற ஆசை நிர்வாகத்துக்கு வருகிறது. அந்த ஒரு லோரிக்காகவே ஆட்கள் தாழ்ந்த காட்டில் சிக்குகிறார்கள். நிறுத்தும் அதிகாரம் அங்கே நிற்கிற மண்டோருக்கே வேண்டுமென்று நான் வாதாடிப் பெற்றேன்.

பருவம் முடிந்ததென்று பலரும் எண்ணியிருந்த 2023 மார்ச்சில், பத்து பகாட், யோங் பெங் பக்கமெல்லாம் நீர் ஏறி, ஜோகூரில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். பத்து பகாட்டில் நீர் வாரக்கணக்கில் வடியவில்லை. ஏப்ரல் வரைக்கும் அந்த லயவாரிப் பதிவேட்டை மூடுவதில்லை என்று அப்போது தீர்மானித்தோம்.

பாட்டி இன்றில்லை. அவள் எண்ணிய வரிசையிலேயே, கிணற்றடி வீட்டில் தொடங்கி, இப்போதும் பெயர் கூப்பிடுகிறேன். சென்ற நவம்பரில், வந்து பத்து நாளே ஆன வங்காளதேசத்து இளைஞன் ஒருவன், பெயர் சொன்னதும் பையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மேடு எந்தப் பக்கம் என்று கையால் கேட்டான். பெரட்டை நிறுத்திவிட்டு, அவனோடு மேடுவரை நடந்தேன்.